ஆறாவது கேள்வி

படிவத்தில் மொத்தம் பதினான்கு கேள்விகள். பதின்மூன்றுக்கு உண்மையைச் சொன்னேன்.

தலைக்குள் உலோகத் துண்டு ஏதும் இருக்கிறதா, இதயத்தில் கருவி பொருத்தியிருக்கிறார்களா, கர்ப்பமாக இருக்கிறீர்களா, காது கேட்பதில் குறை உண்டா என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகப் பதில் போட்டேன். ஆறாவது கேள்வி, உங்களுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா என்பது. ‘இல்லை’ என்ற கட்டத்தைச் சொடுக்கினேன். அதற்கப்புறம் ஒன்பது நாள் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

வெட்கக்கேடு என்னவென்றால், அதே கேள்வியை அடுத்தவர்களிடம் கேட்டுத்தான் நான் முனைவர் பட்டமே வாங்கினேன். நான்கு வருடம், வீட்டிலிருந்தே போய்வந்து, மனிதர்கள் தலையில் கம்பி முளைத்த தொப்பியை மாட்டி, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தேன். தலையில் எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று மூன்று மொழியில் செய்தி அனுப்புவேன். நம் ஆட்கள் மட்டும், ஆராய்ச்சிக்குப் போகிறோமே என்ற மரியாதையில், காலையிலேயே எண்ணெய் வைத்துப் படிய வாரி, பூ வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். ஆய்வுக்கூடத்துக் குழாயடியில் அவர்கள் தலையை ஷாம்பு போட்டு அலசிவிட்டு, துண்டோடு உட்கார வைத்துத்தான் வலிப்பைப் பற்றிக் கேட்பேன். “மறைக்காமச் சொல்லுங்க, உங்க நல்லதுக்குத்தான்” என்பேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்.

பட்டம் வாங்கியதும் வேலை தேடினேன். முனைவர் பட்டத்துக்குப் பிறகு, ஒரு பேராசிரியரின் கூடத்தில் இரண்டு வருடமோ மூன்று வருடமோ செய்கிற ஆராய்ச்சி வேலை ஒன்று உண்டு. அது கிடைக்காவிட்டால் இந்தத் துறையில் அடுத்த படி கிடையாது. அம்மாவுக்கு அது புரியவே இல்லை. “டாக்டர் ஆனதுக்கு அப்புறம் இன்னொரு டாக்டரா? எப்பத்தான்லா முடியும்?” என்பாள். பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் இரண்டு நாளைக்கு எம்.சி., மருத்துவ விடுப்புச் சீட்டு, எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். நான் அந்த டாக்டர் இல்லை என்றதும், பிறகு எதற்கு இத்தனை வருடம் படித்தாய் என்ற மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

தினமும் காலையில் கணினியைத் திறந்து வேலை அறிவிப்புகளைப் படிப்பேன். அறிதிறன் நரம்பியல் என்று தேடினால் உலகம் முழுக்க இடம் இருந்தது. ஆனால் பாதிக்குமேல், ‘மூளைத் தூண்டலில் அனுபவம் தேவை’ என்றன. எனக்கு மூளையைப் படிக்கத்தான் தெரியும், தொடத் தெரியாது. எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று தெரிய வேண்டுமானால், தட்டிப் பார்க்கத்தானே வேண்டும். தூண்டல் என்பது அந்தத் தட்டல். எட்டு வடிவத்தில் சுற்றிய ஒரு கம்பிச் சுருளைத் தலைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினால், மண்டையோட்டைத் தாண்டி ஒரு காந்தத் துடிப்பு உள்ளே போகும். அதைக் கற்றுக்கொள்ளாமல் எனக்கு வழியில்லை என்று ஆகிவிட்டது. பதினொரு மாதம் விண்ணப்பம் போட்டேன். வந்த மறுப்புக் கடிதங்கள் எல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல் இருந்தன.

அப்போதுதான் எதிரே இருக்கிற தீவிலேயே, ஜார்ஜ் டவுனில், ஒரு இடம் வந்தது. நாங்கள் இருப்பது கடலுக்கு இந்தப் பக்கம், சுங்கை பாக்காப்பில். பாலம் தாண்டினால் வேலை. தூண்டலை அவர்களே கற்றுத்தருவார்கள். இரண்டு வருட ஒப்பந்தம். பேராசிரியர் ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி, அதிகம் சிரிக்காதவர். நேர்காணலில் நான் சுவிட்ச், விளக்கு உதாரணத்தைச் சொன்னபோது மட்டும் லேசாகச் சிரித்தார். மறுநாளே என்னை எடுத்துக்கொள்வதாகக் கடிதம் வந்தது. வீட்டுக்குள் குதித்தேன். அம்மா சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினாள்.

கடிதத்தின் கடைசிப் பத்தியை அதற்குப் பிறகுதான் படித்தேன். அந்தக் கூடத்தில் ஒரு விதி. பிறர் தலையில் சுருளை வைக்கப் போகிறவர், முதலில் தன் தலையில் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளன்றே அதுவும் நடக்கும். அதற்கு முன்னால் இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்புக. துணைக்கு ஒருவரை அழைத்து வருக.

எனக்கு ஒன்பது வயதில் வலிப்பு வந்தது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. திங்கட்கிழமை சபை கூடலில், தேசிய கீதம் பாடும்போது விழுந்தேன் என்று சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது, சிமெண்டுத் தரையின் சூடும் ஆசிரியையின் செருப்பும்தான். அம்மா பள்ளிக்கு வந்து, “காலையில சாப்பிடாம வந்துட்டா டீச்சர், அதான் மயக்கம்” என்றாள். அன்று காலை நான் நான்கு இட்லி சாப்பிட்டிருந்தேன். அடுத்த வருடம் வீட்டுக் குளியலறையில் ஒரு தடவை. அதன்பின் தினமும் இரண்டு மாத்திரை, ஆரஞ்சு மூடி போட்ட வைட்டமின் புட்டியிலிருந்து. சத்து மாத்திரை என்றாள் அம்மா. பதினேழு வயதில், பள்ளியில் படிவம் ஐந்து முடிகிறவரை சத்து மாத்திரைதான். பல்கலைக்கழகத்தில், மருந்துகளைப் பற்றிய ஒரு வகுப்பில், திரையில் அதே மாத்திரையின் படம் வந்தது. அதே நிறம், நடுவே அதே கோடு. அந்த விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “அதெல்லாம் காய்ச்சல்ல வந்தது, போயிடுச்சு. வெளியில வாயத் திறக்காத. அக்காவுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்காங்க” என்றாள். அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அதன்பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பது வீட்டுச் சட்டமாகவே நின்றுவிட்டது.

ஆகவே படிவத்தில் ‘இல்லை’ என்று போட்டேன். இரண்டே இரண்டு தடவை, அதுவும் இருபது வருடம் முன்னால் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒற்றைத் துடிப்பில் பெரிதாக எதுவும் நடக்காது என்று படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் படித்தது தலையில் இருந்தது, பயம் வயிற்றில் இருந்தது. நாற்காலியில் நான் வெட்டி வெட்டி இழுப்பதை, வாயோரம் நுரை தள்ளுவதை, பேராசிரியர் என்னைக் குனிந்து பார்ப்பதை, பல் தேய்க்கும்போதும் துணி காயப்போடும்போதும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுமே என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

துணைக்கு யாரைக் கூட்டிப் போவது என்று யோசித்தேன். தோழியைக் கூப்பிடலாம். ஆனால் அம்மாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது ‘துணை’ என்ற சொல்லையும் சேர்த்துப் படித்துத் தொலைத்துவிட்டேன். அம்மா புக்கிட் தெங்காவில் மின்சுற்றுப் பலகைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே பலகைகளை வைத்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கிப் போடுகிற வேலை. பதினெட்டு வருடத்தில் அநாவசியமாக லீவு எடுத்ததில்லை. உடனே லீவு போட்டாள். “தலையில கரெண்ட் வைக்கிறாங்கன்னா நான் வராம யாரு வருவா?” என்றாள். நான் தடுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், இந்த உலகத்தில் அந்த ரகசியத்தை அம்மாவைவிடப் பத்திரமாக வைத்திருக்கக்கூடியவர் யாரும் இல்லை. இவ்வளவு பாதுகாப்பான துணை வேறு எங்கே கிடைக்கும் என்றுதான் நினைத்தேன்.

அன்று பாலத்தில் நான்தான் காரை ஓட்டினேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். படிவத்தைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை.

கூடம் மூன்றாம் மாடியில் இருந்தது. பல் டாக்டர் வீட்டு நாற்காலி மாதிரி ஒரு நாற்காலி, பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டி உயரத்துக்கு ஒரு கருவி. கருவியை இயக்குபவர் ஒரு மலாய்க்காரர், எல்லோரும் அபாங், அண்ணன், என்று கூப்பிட்டார்கள், நல்ல மனிதர். அம்மாவுக்கு நாற்காலி போட்டு, “மக்சிக் உட்காருங்க” என்று மலாயில், அத்தை முறை வைத்து உபசரித்தார். பேராசிரியர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் நினைக்காத ஒன்று நடந்தது. அபாங் என் படிவத்தை எடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் ஆங்கிலத்தில் உரக்கப் படித்தார். வாயால் பதில் சொல்ல வேண்டுமாம், அதுவும் அங்கே விதியாம். கணினியில் சொடுக்குவது வேறு, வாயைத் திறந்து சொல்வது வேறு. ஐந்து வரைக்கும் சொல்லிவிட்டேன். ஆறாவதைப் படித்தார்.

“இல்லை” என்றேன்.

அம்மா மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. எதற்கு இல்லை என்றேன் என்பது அவளுக்குத் தெரியாது.

தலையில் துணித் தொப்பியை மாட்டினார்கள். காதில் பஞ்சு வைத்தார்கள். வலது கையை மடியில் தளர்த்தி வைக்கச் சொன்னார் அபாங். கையை இயக்குகிற பகுதி மூளையின் இடது பக்கம் மேலே இருக்கிறது. சுருளை அங்கே வைத்துத் துடிப்பு கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, வலது கட்டைவிரல் துள்ளுகிற இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். கட்டைவிரல் துள்ளினால் இடம் சரி என்று அர்த்தம். எங்கள் தொழிலில் அது சந்தோஷமான தருணம், சிலர் கை தட்டக்கூடச் செய்வார்கள்.

சுருள் தலையைத் தொட்டது. கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு சொன்னது. நான் சொல்லவில்லை.

டக்.

ஒன்றும் ஆகவில்லை. அபாங் சுருளை விரலளவு நகர்த்தினார். டக். இன்னும் கொஞ்சம். டக்.

என் கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கமாகத் துள்ளி விழுந்தது. நான் ஆட்டவில்லை. அது தானாக ஆடியது.

“பாகுஸ்” என்றார் அபாங். நல்லது என்று அர்த்தம். அந்தச் சொல் முடிவதற்குள் ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்து விழும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து வந்து அபாங்கின் கையைச் சுருளோடு சேர்த்துப் பிடித்துவிட்டாள்.

“துங்கு! துங்கு டுலு!” என்று கத்தினாள். நில்லு, கொஞ்சம் நில்லு. “டியா அடா சவான்.”

இவளுக்கு வலிப்பு உண்டு. வீட்டுக்குள்கூடத் தமிழில் ஒருமுறையும் சொல்லாத அந்தச் சொல்லை, அம்மா மலாயில், முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு முன்னால் சொன்னாள். சொல்லிவிட்டு என் வலது கையை எடுத்து, கட்டைவிரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள். “இந்த விரல்லதான் ஆரம்பிக்கும்” என்று என்னிடம் தமிழில் சொன்னாள். “இப்படித்தான், முதல்ல இந்த விரல் துள்ளும். அப்புறம் கை. அப்புறம் வாய் கோணும்.”

எனக்கு அது தெரியாது. எப்படித் தெரியும்? வந்தபோதெல்லாம் நான் அங்கே இருந்ததில்லை.

அபாங் கருவியை அணைத்தார். பேராசிரியர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, மலாயில் நிதானமாகக் கேட்டார். எத்தனை தடவை?

இரண்டு என்று நான் சொல்ல வாயெடுத்தேன். “அஞ்சு” என்றாள் அம்மா. விரல் விட்டு எண்ணினாள். பள்ளியில் ஒன்று, குளியலறையில் ஒன்று. மற்ற மூன்றும் தூக்கத்தில். கடைசியாக வந்தது எனக்கு இருபத்திரண்டு வயதில், பல்கலைக்கழக விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது. அன்றிலிருந்து இன்றுவரை, ஒன்பது வருடமாக, வரவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டார் பேராசிரியர்.

“நான் அவ ரூம்லதான படுக்கிறேன்” என்றாள் அம்மா.

அப்பா இறந்ததிலிருந்து அம்மா என் அறையில்தான் படுக்கிறாள். ஏர்கான் அங்கே மட்டும்தான் இருக்கிறது என்று காரணம் சொல்வாள். அவள் குறட்டையைப் பற்றி எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறேன். ஹாலில் போய்ப் படு என்று தலையணையைத் தூக்கி வெளியே வைத்திருக்கிறேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் திரும்ப எடுத்துக்கொண்டு வருவாள்.

பேராசிரியர் என்னை வெளியே கூப்பிட்டார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, அமைதியாகப் பேசினார். வலிப்பு வந்தவர்கள் இங்கே வேலை செய்யக்கூடாது என்று எதுவும் இல்லை. சுருளைப் பிடிக்கலாம், சுருளுக்குக் கீழே உட்காரத்தான் கூடாது. முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வரி எழுதி எனக்கு விலக்குக் கொடுத்திருப்பார். ஒரு வரி. ஒன்பது நாள் நான் செத்துச் செத்துப் பிழைத்தது அந்த ஒரு வரிக்காக.

“நாளைக்கு நீ ஒருவரிடம் ஆறாவது கேள்வியைக் கேட்டு, அவர் இல்லை என்றார் என்று எனக்கு எழுதிக் கொடுத்தால், அதை நான் எப்படி நம்புவது?” என்று கேட்டார்.

திரும்ப உள்ளே போனோம். ஒப்பந்தத் தாள் மேசையிலேயே இருந்தது. யாரும் அதை என் பக்கம் நகர்த்தவில்லை.

கீழே வந்து காரில் உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன், திருப்ப முடியவில்லை. பாலத்தின் நடுவே, மணிக்கு எண்பதில், கட்டைவிரல் துள்ளினால்? ஒன்பது வருடமாக வரவில்லை என்பதெல்லாம் அப்போது கணக்கில் வரவில்லை. இத்தனை நாள் இரண்டு என்ற எண்ணை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, “ஃபெர்ரியில போலாம்மா” என்றேன்.

ஃபெர்ரியில் காற்று பலமாக அடித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என்கிட்ட கூட ஏம்மா சொல்லல?” என்று கத்தினேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் போனார்.

“சொன்னா நீ பயப்படுவ.”

“இப்ப மட்டும் பயப்படலயா?”

“அதுக்குத்தான் நான் ஒருத்தி பயந்துகிட்டு இருந்தேன்ல. ரெண்டு பேரும் எதுக்கு?” என்றாள்.

கார் தீவில் நிற்கிறது, யாராவது கொண்டுவர வேண்டும். அக்காவின் கணவர் ஜுருவில் கார் விற்கும் கடையில் வேலை செய்கிறார். அம்மா கைப்பேசியை எடுத்தாள். இவரிடம்தானே இத்தனை வருடம் மறைத்தது, ஏதாவது பொய் சொல்லிவிடு என்று சைகை காட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. ஒலிபெருக்கியில் போட்டு, படகுச் சத்தத்துக்கு மேல் பேசினாள்.

“தம்பி, ஃபெர்ரிகிட்ட வந்து எங்கள ஏத்திக்கிறீங்களா? கார் தீவுலயே நிக்குது.”

“ஏன் அத்தே, கார் ரோசாக்கா?” பழுதா என்று கேட்டார்.

“கார் நல்லாத்தான் இருக்கு. பாப்பாவுக்கு வலிப்பு உண்டு தம்பி. சின்ன வயசுலேர்ந்து. உங்க கல்யாணத்தப்போ சொல்லல. மறைச்சிட்டோம். இன்னிக்கு அவளுக்கு ஓட்டப் பயமா இருக்கு.”

அக்காவின் வாழ்க்கை முழுக்க அந்தக் கைப்பேசிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

“சரி அத்தே,” என்றார் அவர். “சாவி பாப்பாகிட்ட இருக்கா, இல்ல அங்கயே குடுத்துட்டு வந்துட்டீங்களா?”

அம்மா இருக்கிறது என்று சொல்லி வைத்தாள். கைப்பேசியை மடியில் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்தாள்.

“சாவியக் கேக்குறாருடி” என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கரை சேரும்வரை அழுதாள்.

வேலை கிடைக்கவில்லை. நான்காம் நாள் இரண்டு வரியில் மரியாதையாக மறுப்பு வந்தது. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை என்பதுதான் அதிகம் வலித்தது. மறுபடியும் அறிவிப்புகளைப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு நரம்பியல் மருத்துவரையும் போய்ப் பார்த்தேன். ஐந்து என்று அவரிடம் சொல்லும்போது, அது வேறு யாருடைய எண்ணோபோல் இருந்தது. அவர் கார் ஓட்டலாம் என்றார். ஓட்டுகிறேன், ஆனால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டுகிறேன்.

ஏழு மாதத்துக்குப் பிறகு தலைநகரில் ஒரு இடம் அமைந்தது. தூண்டலுக்கு முன்னும் பின்னும் மூளையலைகளை ஒப்பிடுகிற வேலை, இரண்டு வருடம். அவர்களுடைய படிவத்தில் அந்தக் கேள்வி ஒன்பதாவதாக வந்தது. ‘ஆம்’ என்று போட்டு, கீழே ஐந்தையும் எழுதினேன். போன வாரம், முகம் பார்த்திராத ஒரு பெண்ணோடு அறையைப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடானது. கணக்கர் வேலை செய்கிறவள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். அம்மா என்னை வழியனுப்ப ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்ப வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். முதலில் வலது கட்டைவிரல் துள்ளும். உடனே ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம். நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். இதெல்லாம் எனக்கும் தெரிந்தவைதான், மற்றவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். அனுப்பப் போனேன்.

“இரு, இன்னும் முடியல” என்றாள் அம்மா. “எல்லாம் அடங்கின பிறகு நீ அழுவ. எதுக்குன்னு உனக்கே தெரியாது, காலையில ஞாபகமும் இருக்காது. அப்ப அவ சும்மா கையப் பிடிச்சுக்கிட்டா போதும், நீ தூங்கிடுவ. அதையும் எழுது.”

அதையும் எழுதினேன்.